ஷிம் தால்சு மண்ணைத் தலைமுழுகிய கதை

தன் நிலத்தின் மேல் கான்கிரீட் ஊற்றிய நாளில் ஷிம் தால்சு குளித்து, சவரம் செய்து, மகளின் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கலவை லாரி பின்வாங்கி வந்து, சாம்பல் நிறக் குழம்பு கொளகொளவென்று கொட்டியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மகளின் கல்யாணத்தில்கூடப் பார்க்க முடியவில்லை என்று அவர் மனைவி சுன்புன் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பன் பாடுபட்டுச் சேர்த்த நிலத்தை இப்படி மூடிவிட்டு ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்பானா என்று தோல்பத் கிராமத்தில் நாலு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்குத் தால்சுவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

காங்வொன் மலைக்காரர்களைச் தலைநகரமான சியோலில் உருளைக்கிழங்கு என்றுதான் கேலி பேசுவார்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் உயரத்தில் நெல் விளையாது. விளைவதெல்லாம் உருளைக்கிழங்கும் சோளமும் கல்லும்தான். அதில் எந்த வருஷமும் பொய்க்காதது கல் விளைச்சல். தால்சுவின் அப்பா காட்டுக்குத் தீ வைத்து, எரிந்த அடிமரங்களைத் தோண்டி எடுத்து, சாம்பலில் கிழங்கு நட்டுப் பிழைத்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அப்படிச் சேர்த்த நிலம் இரண்டு. சாலையோரம் ஓரளவு சமமாகக் கிடந்தது கீழ்க்கொல்லை. அதற்கு மேலே, ஆடு ஏறுவதற்கே யோசிக்கும் சரிவில் இருந்தது மேல்கொல்லை.

அந்த வீட்டில் முதலில் சாப்பிடுவது மண்தான். கொல்லையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்ததும், "கோசுரே" என்று குரல் கொடுத்து முதல் கரண்டியை மண்ணுக்கு வீசிய பிறகே மனிதர்கள் கை வைக்கலாம். அரிசிக் கள் இருந்தால் முதல் கோப்பையும் மண்ணுக்கே. எல்லாக் குடும்பத்திலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் பழைய கிழங்கு தீர்ந்து, புதுக் கிழங்கு இன்னும் பிடிக்காத ஒரு வசந்தத்தில், ஆளுக்கு நாலு வாய் தேறாத கூழிலிருந்தும் அப்பா முதல் கரண்டியை வீசினார். தால்சுவின் தங்கை அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுத் தால்சு எழுந்து போய், அதை மண்ணோடு வழித்தெடுத்து அவள் வாயில் ஊட்டிவிட்டான். அப்பா மண்வெட்டிக் காம்பால் அடித்தார். அந்த அடி அவனுக்கு மறந்துபோயிற்று. தங்கை மென்றபோது பல்லிடுக்கில் மண் நறநறத்த சத்தம் மட்டும் மறக்கவில்லை. பெரியவனானதும் இந்த மண்ணைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே அவன் முடிவு செய்துகொண்டான்.

முடிவு நல்ல முடிவுதான், நடத்திக்காட்டுவதில்தான் கோளாறு. மீசை முளைத்ததும் ஊரைவிட்டு ஓடினார். கிடைத்த வேலை நிலக்கரிச் சுரங்கத்தில். மண்ணைத் தொடமாட்டேன் என்று கிளம்பியவர், மண்ணுக்கு அடியில் போய் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்து சம்பாதித்தார். சுரங்கத்தை மூடியபோது அழாத ஒரே ஆள் அவர்தான். அடுத்து வொன்ஜு நகரத்தில் கலவை லாரி ஓட்டினார். போகிற இடமெல்லாம் மண்ணை மூடிவிட்டு வருவது வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவர் குரல் இளகிவிடும்.

பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். தங்கை புசானில் குடும்பமாகிவிட்டாள். நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி ஊர் அவரைப் பிடித்து இழுத்து வந்தது. வந்தவர் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி உறை மாட்டிக்கொண்டு கிழங்கு நட்டார். ஊர் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்தது. மேல்கொல்லையை அவர் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே மாசிபத்திரியும் முள்ளும் மண்டின. அப்பா எரித்த காட்டைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்து விதைக்கிழங்கு நிலையத்திலிருந்து கூ யொன்ஜு என்ற பெண் அதிகாரி ஊருக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பேச்சு குறைவு; பேசினால் நேராக இருக்கும். வருஷா வருஷம் கிழங்கையே நட்டு நட்டு எங்கள் மண்ணில் நோய் ஏறிவிட்டது, நோயில்லாத விதைக்கிழங்கு வேண்டுமென்றால் மண்ணே இல்லாமல் வளர்க்க வேண்டும் என்றாள். செடி மேலே நிற்கும். வேர் கீழே ஓர் இருட்டுப் பெட்டிக்குள் அந்தரத்தில் தொங்கும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை உரம் கலந்த தண்ணீரைப் பனிமூட்டம்போல் அதன்மேல் பீய்ச்சினால் போதும், கிழங்கு காற்றிலேயே காய்க்கும். இதற்கு ஒரு கொட்டகை போட, சாலையோரம் சமதளமான இடம் வேண்டும்.

கூட்டத்தில் எல்லோரும் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தால்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தரை எப்படி இருக்கும் மேடம்?"

"கான்கிரீட்தான் ஐயா. மண்ணு கொஞ்சம்கூட உள்ள வரக்கூடாது."

அவர் அங்கேயே எழுந்து நின்று கீழ்க்கொல்லையைத் தருவதாகச் சொன்னார். ஒப்பந்தம் போட்டார்கள். முதல் போகம் சோதனை. கிழங்கு பிடித்தால் நிலம் நீண்ட காலக் குத்தகைக்குப் போகும். தால்சுவுக்குக் கொட்டகையில் நிரந்தரக் காவல் வேலையும் உண்டு. பிடிக்காவிட்டால் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, நிலத்தைப் பழைய நிலையிலேயே சொந்தக்காரரிடம் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அதிகாரி அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல் தலையசைத்தாள். நிலம் கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. நிலம் திரும்பி வந்துவிடுமே என்று பயந்தது தால்சு ஒருவர்தான்.

கொட்டகை எழும்பியது. ஊர் அதைப் பனிவீடு என்று அழைத்தது. திறப்பு நாளன்று வழக்கம்போல் சிரித்த முகமுள்ள பன்றித்தலையை மேசைமேல் வைத்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அதன் பிறகு இடத்துக்குச் சொந்தமான மண்சாமிக்குக் கள் ஊற்ற வேண்டும். கூட்டுறவுச் சங்கத் தலைவர் பியோன் கள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்தார். உள்ளே கான்கிரீட். வெளியே முற்றத்திலும் கான்கிரீட். அதற்கப்பால் தார்ச்சாலை. கெண்டியோடு ஒரு முழுச் சுற்று வந்தும் ஊற்ற ஒரு பிடி மண் கிடைக்கவில்லை.

"தலைவரே, சுத்தாதீங்க," என்றார் தால்சு. "மண்ணே இல்லாத எடத்துல மண்ணுசாமிக்கு என்ன வேலை? அவருக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்தாச்சு."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா. அவரு காதுல விழுந்துடப் போவுது."

"எப்படி விழும்? ஒரு சாண் கான்கிரீட்டுக்கு அடியில இருக்காரு. காது அடைச்சிருக்கும்."

கடைசியில் கள் சாலையோரச் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சுன்புன் புருஷனை முறைத்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்த வசந்தமும் கோடையின் தொடக்கமும் தால்சுவின் வாழ்க்கையிலேயே சுகமான நாட்கள். காலையில் வந்து முன்னறையில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, வெள்ளை அங்கியும் வெள்ளை உறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். இப்போது யார் டாக்டர் என்று கூப்பிட்டாலும் அது பொருத்தமாகவே இருந்தது. நீளமாக நாலு வரிசைப் பெட்டிகள். முதல் வரிசையின் உரநீர்த் தொட்டி மட்டும், இடம் போதாமல், முன்னறையிலேயே கதவோரம் இருந்தது. மற்ற மூன்றும் கொட்டகையின் மறுகோடியில். பெட்டிகளுக்குள் உஸ்ஸென்று பனி பீய்ச்சி அடங்கும். கறுப்புத் திரையைத் தூக்கிப் பார்த்தால் வேர்கள் கிழவன் தாடிபோல் வெள்ளை வெளேரென்று தொங்கும். ஒரு துளி அழுக்கு கிடையாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்குவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் நகத்தைப் பார்த்துக்கொள்வார். நகம் காலையில் இருந்தபடியே இருக்கும்.

ஒரே ஒரு குறை. கிழங்கைக் காணோம்.

செடியில் கோளாறில்லை. இடுப்பளவு வளர்ந்து, தழைதழையென்று தழைத்து, கட்டிவைத்த கயிற்றையே சாய்த்துக்கொண்டு நின்றது. இந்த மலையில் அப்படிப்பட்ட இலையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் திரைக்குக் கீழே தாடி மட்டும்தான் நீண்டது. வயலில் நட்டவர்களின் செடிகள் பூத்து, அடியில் கிழங்கு உருளத் தொடங்கியிருந்த சமயம் அது. யொன்ஜு உரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள், விளக்கை மாற்றிப் பார்த்தாள். இந்த மாதக் கடைசிக்குள் பிடிக்காவிட்டால் மேலே சொல்லிச் சோதனையை முடித்துக்கொள்வதுதான் வழி என்றாள். அதைச் சொல்லிவிட்டு ஒரு பயிற்சிக்காக இரண்டு வாரம் தலைநகரத்துக்குப் போய்விட்டாள்.

ஊருக்கு இது போதும். கடைத்தெருவில் பேச்சு வேறு இல்லை. கும்பிட்டது பன்றித்தலையை, கள் குடித்தது சாக்கடை, அப்புறம் எங்கே காய்க்கும் என்றார்கள். வீட்டில் சுன்புன் சோற்றைப் பரிமாறிக்கொண்டே அதையேதான் வேறு குரலில் சொன்னாள்.

"வாங்கிக்கறதுக்கு மட்டும் கை நீட்டுனா யாரு குடுப்பாங்க? ஒரு வாய் அவருக்கும் போட்டிருக்கணும்."

"ஏண்டி, தொங்கறது காத்துல. காத்துக்கு எதுக்கு மண்ணுசாமி?"

"காத்து எங்க நிக்குது? அந்த நிலத்து மேலதானே நிக்குது."

கிம்ச்சி ஊறுகாயில் உப்பு அதிகம் என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்துபோனார்.

அவருடைய கவலை சாமியைப் பற்றியது அல்ல. கண்ணை மூடினால் கான்கிரீட்டை உடைக்கிற இயந்திரம்தான் வந்து நின்றது. அதன் பின்னால் கீழ்க்கொல்லை, பழைய நிலையிலேயே, கல்லோடு. அறுபதை நெருங்கும் முழங்காலை மடக்கி அதில் மறுபடி உட்கார வேண்டும். நினைத்தாலே பல்லில் நறநறவென்றது.

ஒரு மத்தியானம் முன்னறையில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். சுன்புன் ஒரு குப்பியில் அரிசிக் கள்ளும் வைத்திருந்தாள். கோப்பையில் ஊற்றினார். எத்தனை திட்டினாலும் வயலில் முதல் கோப்பையை அவரும் மண்ணுக்கே கொடுத்து வந்திருக்கிறார். அது நம்பிக்கை அல்ல, கைப்பழக்கம் என்பார். இப்போதும் கை தன்னால் நீண்டது. கீழே பளபளவென்று கான்கிரீட். கை அந்தரத்தில் நின்றது. பக்கத்திலேயே முதல் வரிசைத் தொட்டி. அதற்குள் இருப்பது தண்ணீரும் உரமும். செடிக்கு மண்ணாக இருப்பது அதுதானே என்று ஒரு யோசனை வந்தது. கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூடியைத் தூக்கி, கோப்பையைக் கவிழ்த்து, மூடியைச் சாத்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சோற்றைப் பிசைந்தார். கோசுரே என்று வாயால் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மானம் இருந்தது.

அதிகாரி இல்லாத அந்த இரண்டு வாரமும் பனிவீட்டுக்கு என்றுமில்லாத வரத்து. தலைவர் பியோன் மீட்டரைப் பார்க்க வந்தார். சுன்புன் மறந்துபோன குடையைத் தேடி வந்தாள். மழையே பெய்யாத வாரம் அது. எதிர்வீட்டுக்காரி செடிக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். எல்லோருமே அங்கி மாட்டச் சோம்பல்பட்டு முன்னறையோடு திரும்பிவிட்டார்கள். எல்லோருமே தால்சு மறுகோடியில் வேலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்கள். அவர் அதைப் பற்றி நினைக்கவில்லை. அவர் நினைப்பெல்லாம் முதல் வரிசையில் இருந்தது. அதன் இலைகள் உச்சிவெயிலில் துவண்டன. பிறகு சாயங்காலத்திலும் நிமிரவில்லை. உஸ்ஸென்ற சத்தம் அந்தப் பக்கம் மட்டும் ஆஸ்துமாக்காரன் மூச்சுபோல் விட்டுவிட்டு வந்தது. தொட்டியைத் திறந்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இலைக்கு மேல் ஒரு துணியைக் கட்டி நிழல் கொடுத்தார். வாடலை வெயிலிலிருந்து மறைக்கவா, ஊரிலிருந்து மறைக்கவா என்று அவருக்கே தெளிவில்லை.

யொன்ஜு திரும்பி வந்த அன்று கொட்டகையில் தலைவரும், சுன்புன்னும், எதிர்வீட்டுக்காரியும் வந்து நின்றிருந்தார்கள். அவள் துணியை விலக்கினாள். முதல் வரிசை மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது. பனி பீய்ச்சும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வழவழவென்ற வெள்ளைக் கசடு அடைத்திருந்தது. நேராக முன்னறைக்கு வந்து தொட்டியின் மூடியைத் திறந்தாள். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் அடிக்கிற வாசனை குப்பென்று எழுந்தது.

தொட்டியின் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. அதைப் பூட்டுகிற வழக்கமில்லாததால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றாலும், கணக்குப்படி ஒருவரிடம்தான். அவள் தால்சுவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கான்கிரீட் உடைகிற சத்தம் அவர் காதில் இப்போதே கேட்டது.

"நான்தான் ஊத்துனேன்," என்றார். "ஒரு கோப்பை. தப்புதான்."

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் கஞ்சிபோல் படிந்திருந்ததை ஒரு குச்சியால் கிளறினாள்.

"ஐயா, இவ்வளவு பெரிய தொட்டி, ஒரு கோப்பைக்கு இப்படி ஆகாது."

சுன்புன் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியைத் திருகினாள்.

"நான் ஒரு கெண்டி," என்றாள். "இவரு எங்க ஊத்தப் போறாருன்னு நெனச்சுத்தான் தாயி."

எதிர்வீட்டுக்காரி இரண்டு கெண்டி. அவளுடைய கள் ஊரிலேயே கெட்டியானது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் பியோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கத்தின் சார்பாக முறைப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்ததாகச் சொன்னார். அளவைக் கேட்டபோது, சங்கத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறதோ அத்தனை கோப்பை என்றார். அதோடு பாவம், பன்றித்தலையில் மிச்சமாகி உப்பில் கிடந்த காதையும் போட்டிருந்தார். குச்சியில் அது தட்டுப்பட்டது.

கூ யொன்ஜு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உறையைக் கழற்றி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மற்ற மூன்று வரிசையிலும் காய்ப்பே இல்லை, இருந்த ஒன்றும் இப்படி. மேலே சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. சோதனை முடிந்தது என்று நாளைக்குத் தகவல் கொடுத்துவிடுவதாகவும், அதற்குள் இந்தச் செத்த வரிசையைப் பிடுங்கிப் போட்டுவிடும்படியும் சொன்னாள். தால்சுவைப் பார்த்துக் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"உங்க நிலம் உங்களுக்குத் திரும்ப வந்துடும். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இரண்டு கையாலும் முதல் செடியைப் பிடித்து உருவினார். வேர் வரவில்லை. ஏதோ கனத்தது. கறுப்புத் திரையைத் தூக்கினார்.

வாடிய தாடியில், நூல் நூலாக இறங்கிய தண்டுகளின் நுனியில், மொச்சைக்கொட்டை அளவில், கோழிமுட்டையில் பாதி அளவில், வெள்ளையாகக் கிழங்குகள். ஒன்றிரண்டு அல்ல. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். திரையைக் கடைசிவரை தூக்கிக்கொண்டே நடந்தார். வரிசை முழுக்கக் காய்த்துத் தொங்கியது. தழைதழைத்த மற்ற மூன்று வரிசையிலும் ஒரு பட்டாணிகூட இல்லை.

"மேடம்," என்று மட்டும் கூப்பிட்டார்.

யொன்ஜு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு, இந்தக் கொட்டகையில் முதல்முறையாக, சிரித்தாள். மற்ற செடிகளுக்கு எந்த நேரமும் சோறும் தண்ணீரும் வாய்க்கே வந்துகொண்டிருந்தது. நாளையைப் பற்றி நினைக்க அவற்றுக்குத் தேவையே வரவில்லை, இலையை விட்டுக்கொண்டு சுகமாக இருந்துவிட்டன. இவற்றுக்கு வாய் அடைத்ததும் சாவு பயம் வந்துவிட்டது என்று விளக்கினாள்.

"போயிடுவோம்னு தெரிஞ்சதும் அவசர அவசரமா பிள்ளை பெத்துருக்கு. மத்த வரிசைக்கும் நாமளே அப்பப்ப பட்டினி போட்டா போதும். கள்ளு வேண்டாம், ஐயா. பம்ப்ப நிறுத்துனா போதும்."

தலைவர் பியோன் இந்த விளக்கத்தை மரியாதையாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் சாமி குடித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னார். எந்தத் தொட்டியில் ஊற்றினோமோ அந்தத் தொட்டியின் வரிசை மட்டும் காய்த்திருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான். தால்சு இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பம்ப்பை நிறுத்தச் சொன்ன நேரத்தில் நிறுத்தினார், போடச் சொன்ன நேரத்தில் போட்டார். செடிகள் பசியில் வாடுவதைப் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பட்டினி கிடந்துதான் காய்க்க வேண்டும் என்றால், அது கான்கிரீட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று ஒருநாள் சுன்புன்னிடம் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை.

பட்டினி வேலை செய்தது. நாலு வரிசையும் காய்த்தன. திரையைத் தூக்கி, முற்றியதை மட்டும் பறித்துக்கொண்டு, மீதியை விட்டுவைத்து, இலை உதிரும்வரை பறித்தார்கள். மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒரு கிழங்கிலும் நோய் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். கான்கிரீட்டுக்கு ஆயுள் கெட்டி. தால்சுவின் வேலை நிரந்தரம். அன்றைக்கு அவர் மறுபடி அந்தக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

பாராட்டுக் கூட்டத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு யொன்ஜு எழுந்து அடுத்த கட்டம் என்று ஆரம்பித்தாள். இந்தக் கிழங்குகள் சின்னவை. விவசாயிகளுக்குக் கொடுக்குமளவு பெருக வேண்டுமென்றால் ஒரு வருஷம் மண்ணில் நட்டாக வேண்டும்.

தால்சு தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"மண்ணுலயா?"

"மண்ணுலதான் ஐயா. இது விதைதானே. விதைய மண்ணுல போடறதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

அவருக்கு இதை யாரும் மறைக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். கான்கிரீட் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நோயில்லாத விதையை நோயுள்ள மண்ணில் போட முடியாது. ஊரில் எல்லாக் கொல்லையிலிருந்தும் மண் எடுத்துச் சோதித்திருந்தார்கள். ஓயாமல் கிழங்கு நட்ட மண் எல்லாவற்றிலும் நோய். பல வருஷமாக யாரும் மண்வெட்டி வைக்காமல், முள்ளும் மாசிபத்திரியும் மண்டிக் கிடந்த ஒரே ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. இந்த மலையிலேயே இவ்வளவு நல்ல மண்ணைத் தான் பார்த்ததில்லை என்றாள் யொன்ஜு. அதை இத்தனை காலம் தொடாமல் காப்பாற்றி வைத்த ஷிம் தால்சு ஐயாவுக்கு நிலையம் கடமைப்பட்டிருக்கிறது என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் பியோன் எழுந்து நின்றே தட்டினார்.

தோற்றிருந்தால் கீழ்க்கொல்லை திரும்பி வந்திருக்கும், ஓரளவு சமதளமான இடம். ஜெயித்ததால் மேல்கொல்லை வந்தது.

பனி உருகியதும் முள்ளை வெட்டினார்கள், கல் பொறுக்கினார்கள். கல் விளைச்சல் அந்த வருஷமும் பொய்க்கவில்லை. மொச்சை அளவு விதையை இயந்திரத்தில் போட முடியாது. சரிவில் இயந்திரம் ஏறவும் ஏறாது. மண்டி போட்டு, கையால் ஒவ்வொன்றாக நட வேண்டும். இரண்டு உறை மாட்டிக்கொண்டு தொடங்கினார். விதை விரலில் நிற்காமல் நழுவி உருண்டது. ஓர் உறையைக் கழற்றினார். அப்புறம் மற்றதையும். நகக்கண்ணில் மண் ஏறியது. முழங்கால் விண்விண்ணென்றது. காற்றில் பிறந்த கிழங்குகளை அப்பா தோண்டிய மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டே அவர் மேலே நகர்ந்தார். மனதுக்குள் அப்பாவைத் திட்டினார். திட்டியது வெளியில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கண் ஏன் கலங்கியது என்றும் யாரும் கேட்கவில்லை. மலைக்காற்றில் எல்லோருக்கும் கலங்கும்.

மத்தியானம் சுன்புன் சோறும் கள்ளும் கொண்டுவந்தாள். யொன்ஜுவும் ரப்பர் பூட்ஸோடு வரப்பில் வந்து உட்கார்ந்தாள். தால்சு கோப்பையை நிரப்பினார். இரண்டு பெண்களும் அவர் கையையே பார்த்தார்கள்.

"இங்க எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம் ஐயா," என்றாள் யொன்ஜு. "அடைக்கறதுக்கு நாசில் இல்ல."

"நம்ம வீட்டுல அவரு தின்னது போதும்," என்று சொல்லிவிட்டு தால்சு கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். மடக்மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து மண்ணின் மேல் ஓர் உதறு உதறினார். கொஞ்சம் சிந்தியது. மண் அதைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது.

"குடுத்தாச்சு போல," என்றாள் சுன்புன்.

"கோப்பைய உதறினேன். கழுவத் தண்ணி இல்ல."

அவள் மறுபடி ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். இரண்டாவது கோப்பையையும் உதற வேண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.